சந்தேகம் உள்ளவர்கள் கை தூக்கலாம்

உட்காரச் சொன்னதற்கு மிக்க நன்றி, ஐயா. தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். காலை நேரத்தில் நின்றுகொண்டு பேசித்தான் எனக்குப் பழக்கம். உட்கார்ந்தால் ஏனோ சொற்கள் ஒழுங்காக வருவதில்லை.

என் பெயர் கமலவேணி. வீடு இளம்பிள்ளையில். சங்ககிரியில் நெடுஞ்சாலையை ஒட்டியுள்ள எங்கள் ஜவுளிக்கடையில், கடை திறந்த நாள் முதல் பட்டுப்பிரிவில் விற்பனையாளராக இருந்தேன். இப்போது மூன்று தளங்களுக்கும் நானே மேலாளர். எனக்கு முன்பு மேலாளராக இருந்த திரு. பிரபாகர் ஆடி மாதத்தில் காலமானதைப் பற்றித் தாங்கள் கேட்கிறீர்கள். மறைக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் எங்கள் காலைக் கூட்டத்தைப் பற்றி முதலில் சொல்லிவிட அனுமதிக்க வேண்டும். அது தெரியாவிட்டால் மற்றது விளங்காது.

கடை பத்து மணிக்குத் திறக்கும். கூட்டம் ஒன்பதுக்கு. கைரேகை இயந்திரத்தில் விரலை வைத்துவிட்டு, கைப்பேசியைக் கூடையில் போட்டுவிட்டு, தரைத்தளத்தில் வரிசையாக நிற்க வேண்டும். ஒன்பது மணிக்கு ஷட்டர் இறங்கிவிடும். பிந்தி வந்தவர்கள் வெளியே சாலையைப் பார்த்தபடி நிற்பார்கள். அன்று அவர்களுக்கு அரை நாள் விடுப்பு. உள்ளே இருப்பவர்களில் ஒருவர் இடையில் வெளியேறினால், கூட்டம் மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். நேற்றைய விற்பனை, இன்றைய இலக்கு, உறுதிமொழி, எல்லாமே மறுபடியும். பிரபாகர் சார் கோவையிலிருந்து மாற்றலாகி வந்தபோது கொண்டுவந்த விதி அது. அதிலிருந்த சாமர்த்தியத்தை நான் மறுக்கவில்லை. அவர் யாரையும் தடுக்க வேண்டிய தேவையே இல்லை. வெளியேற நினைப்பவரை மற்றவர்களின் பார்வையே நிறுத்திவிடும்.

கடைசியில், "சந்தேகம் இருக்கறவங்க கை தூக்கலாம்" என்பார். சந்தேகத்தோடு யாரும் வாடிக்கையாளர் முன் போய் நிற்கக் கூடாது என்பது அவருடைய கொள்கை. ஆனால் யாருமே கை தூக்கியதில்லை. பிறகு ஒருமுறை கைதட்டி, "முடிஞ்சது" என்பார். அந்தச் சொல் வரும்வரை ஷட்டர் திறக்கப்படாது. ஷட்டர் இறங்கியதும் சாவி, மூத்த பணியாளர் என்ற முறையில், என் இடுப்புக்கு வந்துவிடும்.

அவர் கெட்ட மனிதர் என்று நான் சொல்லவில்லை. வேடிக்கையாகப் பேசுவார். ஒருநாள் வைகுந்தம் சுங்கச்சாவடி அருகே லாரி ஒன்று கவிழ்ந்து எங்கள் பேருந்து நின்றுவிட்டது. நான் ஓடி வந்து சேர்ந்தபோது ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து என்னைப் பார்த்தார். "ஏனுங்க கமலவேணி மேடம், இளம்பிள்ளை பஸ்ஸு இன்னைக்கு மாட்டுவண்டிக்குப் பின்னால வந்துச்சுங்களா?" என்றார். உள்ளே எல்லோரும் சிரித்தார்கள். ஷட்டர் இறங்கியது. கடையின் சீருடைப் புடவையோடு நான் வெளியே நின்றேன். என் தம்பியின் சம்பந்தி வீட்டார் கல்யாணத்துக்குத் துணி எடுக்க வந்து, என்னை அங்கே பார்த்து, என்ன பேசுவதென்று தெரியாமல், அப்போதே திறந்திருந்த எதிர்க் கடைக்குப் போய்விட்டார்கள். இதற்கும் நடந்ததற்கும் தொடர்பு இல்லை. தாங்கள் முழுமையாகச் சொல்லச் சொன்னதால் சொன்னேன்.

தொடர்பு உள்ளது தனப்பிரியாவின் விஷயம்தான். குழந்தைகள் ஆடைப் பிரிவில் வேலை செய்யும் பெண். ஐந்து மாதக் கர்ப்பமாக இருந்தாள். நின்று வேலை செய்பவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று அரசு சட்டம் போட்ட பிறகு எங்கள் கடைக்கும் நாற்காலிகள் வந்தன. ஆனால் கூட்டத்தின்போது அவற்றை அடுக்கிக் கிடங்கில் வைத்துவிடுவோம். அன்று உறுதிமொழி சொல்லிக்கொண்டிருந்தபோது, அடிவயிறு வலிக்கிறது, வெளியே போகலாமா என்று அவள் கேட்டாள். பிரபாகர் சார் கோபப்படவில்லை. "போலாங்க. தாராளமாப் போலாம். ஆனா மறுபடி மொதல்ல இருந்து ஆரம்பிப்போம். எல்லாருக்கும் சம்மதமா?" என்று வரிசையைப் பார்த்துக் கேட்டார்.

சட்டைப் பிரிவின் பூபதி மட்டும் அவளிடம், "ஒரு ஆளுக்காவ இத்தன பேரு மறுக்கா நிக்கோணுமா சாமி? கொஞ்சம் பொறுத்துக்க" என்றார். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

சாவி என்னிடம்தான் இருந்தது. ஆனால் உத்தரவு அவருடையது அல்லவா, ஐயா? நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"மீட்டிங் முடியட்டும்" என்றார் அவர். முடிந்தபோது அவளுடைய புடவையின் பின்புறம் நனைந்திருந்தது. நான்தான் ஆட்டோவில் அழைத்துப்போனேன். குழந்தை தங்கவில்லை. வேலைக்குத் திரும்பி வந்த அன்று, அந்த நாளுக்கும் அரை நாள் விடுப்பு எழுதியிருப்பதை அவள் தெரிந்துகொண்டாள். பாதியில் போனது போனதுதான் என்று சார் விளக்கம் சொன்னார்.

கோபத்தில் நான் கத்துகிறவள் அல்ல. கோபம் மிகும்போது என் குரல் தாழும்; மரியாதை கூடும். என் வீட்டுக்காரரைக் கேட்டால் சொல்வார். அன்றிலிருந்து பிரபாகர் சாரிடம் நான் மிகுந்த மரியாதையோடு நடந்துகொண்டேன். அவருடைய கோட்டை வாங்கி மாட்டுவதும், கூட்டத்துக்கு முன் எடுத்துத் தருவதும் என் வேலையாயின. கோட்டின் பையில் எப்போதும் ஆரஞ்சு மிட்டாய் இருக்கும். அவருக்குச் சர்க்கரை நோய். காலையில் ஊசி போட்டுக்கொண்டு வருவார். கூட்டம் முடிந்ததும் பக்கத்து மெஸ்ஸிலிருந்து இட்லி வரும். இடையில் தலை லேசானால் ஒரு மிட்டாய். இதெல்லாம் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. என் வீட்டுக்காரர் அர்த்தநாரிக்கும் அதே ஊசிதான். சர்க்கரை இறங்கினால் முகம் எப்படி வியர்க்கும், நாக்கு எப்படிக் குழறும், எந்த நேரத்தில் வாயில் இனிப்பைத் திணித்தே ஆக வேண்டும் என்பதை நான் தூக்கத்திலும் அறிவேன்.

ஆடித் தள்ளுபடி தொடங்கிய வாரம் கூட்டம் நீண்டுகொண்டே போனது. அன்று உறுதிமொழி முடிந்து, "சந்தேகம் இருக்கறவங்க கை தூக்கலாம்" என்றார் சார். அவருடைய நெற்றி பளபளத்தது.

நான் கை தூக்கினேன்.

அவருக்கு வியப்பு. மகிழ்ச்சி என்றும் சொல்லலாம். "பாருங்க, சீனியரே கேக்கறாங்க" என்றார். இரண்டு சேலைக்கான தள்ளுபடியில் வாங்கியவர் ஒன்றை மட்டும் திருப்பிக் கொடுத்தால் என்ன செய்வதென்று கேட்டேன். பதில் சொன்னார். அந்தப் பதிலில் இன்னொரு சந்தேகம் கேட்டேன். பிறகு மாப்பிள்ளை வேட்டியை அந்தத் தள்ளுபடியில் சேர்க்கலாமா என்று கேட்டேன். எல்லாமே நியாயமான கேள்விகள், ஐயா. யாரை வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளலாம். அவர் கோட்டுப் பையில் கைவிட்டுத் துழாவினார். மறு பையிலும் துழாவினார். வேட்டி என்று சொல்ல வந்தவர் வேறு ஏதோ சொன்னார். வரிசையில் சிரிப்பு எழுந்தது. "சாரு காலையிலயே ஊத்திக்கிட்டு வந்துட்டாருங்க" என்று பூபதி முணுமுணுத்தார். அவர்களுக்குத் தெரியாது. தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

"இன்னும் ஒரு சந்தேகங்க சார்," என்றேன். "கூட்டத்துல யாருக்காச்சும் ஒடம்புக்கு முடியலீன்னா என்னங்க பண்றது?"

அவர் என்னை நெடுநேரம் பார்த்தார். கேள்வி அவருக்கு எட்டியதா என்று எனக்குத் தெரியவில்லை. "முடியட்டும்," என்றார். "மீட்டிங்... முடியட்டும்."

பிறகு விழுந்தார். மாடிப்படியின் கிரானைட் விளிம்பில் தலை பட்டது. கைகால்கள் வெட்டி இழுத்தன. வரிசை கலையப் பார்த்தது. நான் குரலை உயர்த்தவில்லை. "யாரும் நகராதீங்க. சார் இன்னும் முடிஞ்சதுன்னு சொல்லலீங்க," என்றேன். தாங்கள் நம்ப மாட்டீர்கள், ஒருவரும் நகரவில்லை. அத்தனை நாள் பயிற்சி அப்படிப்பட்டது. வெளியே ஒலிபெருக்கியில் எங்கள் கடையின் ஆடி விளம்பரப் பாட்டு முழுதாக ஓடி முடிந்து, மறுபடியும் தொடங்கி, அதுவும் முடிந்தது. அதற்குப் பிறகுதான் ஷட்டரைத் திறந்தேன். மருத்துவமனையில் சர்க்கரை இறங்கியதையும் தலையில் பட்ட அடியையும் காரணமாகச் சொன்னார்கள். அவருடைய மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க கூட இருந்தீங்கன்னு சொன்னாங்க" என்று அழுதார். ஆமாம், கூடவே இருந்தேன் என்று சொன்னேன். அது பொய்யல்ல.

மிட்டாயை எடுத்தது யாரென்று தாங்கள் இன்னும் கேட்கவில்லை. கேட்காமலே சொல்லிவிடுகிறேன். கோட்டை எடுத்துத் தருவதற்கு முன் இரண்டு பைகளையும் நான்தான் காலி செய்தேன். மேசை இழுப்பறையில் இருந்த குளுக்கோஸ் பொட்டலத்தை முந்தைய மாலையே குப்பையில் போட்டுவிட்டேன். மிட்டாய்களை வீணாக்க மனம் வரவில்லை. வரிசையில் என் பக்கத்தில் நின்ற தனப்பிரியாவின் கையில் வைத்து, "சாப்பிடு சாமி" என்றேன். அவர் பைக்குள் துழாவிக்கொண்டிருந்த நேரத்தில் அவள் வாயில் ஒன்று கரைந்துகொண்டிருந்தது. அவளுக்காகத்தான் செய்தேன். அதை அவள் உணர்ந்திருப்பாள் என்று நம்பினேன்.

முதலாளி கைலாசம் ஐயா என்னையே மேலாளராக்கினார். விதிகளையெல்லாம் எடுத்துவிடுவேன் என்று பெண்கள் எதிர்பார்த்தார்கள். எடுக்கத்தான் நினைத்தேன். ஆனால் முதல் வாரமே ஒருத்தி பிந்தி வந்தாள். மறுநாள் மூன்று பேர். இரக்கம் காட்டினால் தலையில் ஏறி உட்கார்ந்துவிடுகிறார்கள், ஐயா. ஆகவே ஷட்டர் பழையபடியே இறங்கியது. அவருடைய விதியை நான் கொஞ்சம் திருத்தியும் இருக்கிறேன்: இப்போது யாரும் சந்தேகம் கேட்பதில்லை. கேட்க அனுமதியும் இல்லை.

தனப்பிரியா போன வாரம் பிந்தி வந்தாள். மறுபடியும் உண்டாகியிருக்கிறாளாம், வாந்தியாம். எல்லோருக்கும் ஒரே நீதிதானே. வெளியே நிற்க வைத்தேன். வெயில் சற்று அதிகம்தான். ஷட்டரைத் திறந்தபோது அவள் அங்கே இல்லை. நேராகத் தங்களிடம் வந்து அந்த மிட்டாயைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள். எனக்கு அவள்மேல் வருத்தம் இல்லை. நன்றி கெட்டவள் என்று மட்டும் தோன்றியது.

எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். எங்கே கையெழுத்திட வேண்டுமோ இடுகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள், ஐயா. மணி ஒன்பதாகப் போகிறது. கடை வாசலில் எல்லோரும் வந்து நிற்பார்கள். ஒரு காவலரை அனுப்பி அவர்களை உள்ளே வரிசையாக நிற்க வைக்கச் சொல்லுங்கள். இன்றைக்கும் தனப்பிரியா பிந்தித்தான் வருவாள். அவளை மட்டும் உள்ளே விட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.