தேய்த்தால் போகாதது

மால்சூன்: அசையாதே. அசைஞ்சா தோல் உரிஞ்சிடும்.

கும்ஜா: ஐயோ அக்கா... தண்ணியை அங்க ஊத்தாதீங்க!

மால்சூன்: எங்க?

கும்ஜா: அங்கதான்... தொடைப் பக்கம்.

மால்சூன்: தொடைக்கு என்ன வந்துச்சு? பன்னெண்டு வருஷமா இந்தப் பொதுக் குளியல் கூடத்துக் கட்டில்ல வந்து படுக்குறே, நானும் பன்னெண்டு வருஷமா அழுக்கு தேய்ச்சு விடுறேன். கொதிக்கக் கொதிக்க ஊத்தினாலும் “சுகமா இருக்கு அக்கா”ன்னுதான் சொல்லுவே. இன்னிக்கு என்ன? காட்டு.

கும்ஜா: வேண்டாம்.

மால்சூன்: ஒட்டுத் துணி இல்லாம என் முன்னாடி மல்லாந்து படுத்துக்கிட்டு வேண்டாம்கறதைப் பாரு. நான் பாக்காதது உங்கிட்ட என்னடி இருக்கு?

கும்ஜா: எரியுது அக்கா. நேத்து வீட்ல... நானே கொஞ்சம் தேய்ச்சேன்.

மால்சூன்: எதை வெச்சு?

கும்ஜா: ...பச்சைத் துணி. சோப்பு போட்டு.

மால்சூன்: குதிகால் தேய்க்கிற சொரசொரத் துணியாலயா? அங்கயா?

கும்ஜா: சத்தமாப் பேசாதீங்க! தொட்டியில பாக் அம்மா இருக்காங்க.

மால்சூன்: அந்தம்மா கழுத்தளவு வெந்நீர்ல கண்ணை மூடிக் கெடக்கு. மொக்போ துறைமுகமே தீப்பிடிச்சாலும் எந்திரிக்காது. உள்ளேயும் கழுவினியா?

கும்ஜா: கொஞ்சம்... சுத்தமா இருக்கட்டுமேன்னு.

மால்சூன்: முப்பது வருஷமா ஊரையே தேய்ச்சு சோறு திங்கிறவ சொல்றேன், கேட்டுக்கோ. முழங்கையைத் தேய், கழுத்தைத் தேய், கெண்டைக்காலைத் தேய். அங்க மட்டும் துணியை வைக்காதே. வெளியில வெறும் தண்ணி போதும். உள்ளே அதுவும் வேண்டாம், அது தன்னைத் தானே சுத்தம் பண்ணிக்கும். சோப்பைப் போட்டுக் குடைஞ்சா புண்ணாகும், இல்லாத கிருமியெல்லாம் வந்து குடியேறும். ரெண்டு நாள்ல எரிச்சல் அடங்கலைன்னா டாக்டர்கிட்ட போ.

கும்ஜா: இதெல்லாம் உங்களுக்கு யார் சொன்னாங்க?

மால்சூன்: ஒரு டாக்டரம்மா... அது கெடக்கட்டும். யாருக்காக இந்தச் சுத்தம்?

கும்ஜா: யாருக்காகவும் இல்லையே.

மால்சூன்: புருஷன் போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம். நேத்து திடீர்னு துணியைத் தூக்கிட்டே. ஆனா யாருக்காகவும் இல்லை. சரி, நம்பிட்டேன். இடுப்புல ரெண்டு தட்டு தட்டினேன்ல, குப்புறத் திரும்பு.

கும்ஜா: அக்கா... எனக்கு ஒரு சிநேகிதி இருக்கா.

மால்சூன்: இருப்பா, இருப்பா. என்ன வயசு?

கும்ஜா: ஐம்பத்தேழு.

மால்சூன்: அட, உன் வயசு. மேல சொல்லு.

கும்ஜா: அவ ஒருத்தரோட சனிக்கிழமை யோசுவுக்குப் போறா. கமேலியாப் பூ பாக்க.

மால்சூன்: பூ பாக்க.

கும்ஜா: ஆமா. ஒரு நாள் தங்கிட்டு வர்றாங்க.

மால்சூன்: ரெண்டு ரூமா, ஒரு ரூமா?

கும்ஜா: ...ஒண்ணு.

மால்சூன்: ஒரே ரூம்ல இருந்து பூ நல்லாத் தெரியும் போல. ஏண்டி, அந்தச் சிநேகிதிக்கும் முதுகுல வலது பக்கம் மொச்சைக்கொட்டை சைஸுக்கு இந்த மச்சம் இருக்கா?

கும்ஜா: அக்கா!

மால்சூன்: எழுந்திரிக்காதே, வழுக்கும்.

கும்ஜா: சரி, நான்தான். போதுமா? சிரிக்காதீங்க. உங்களைத் தவிர நான் யார்கிட்டப் போய்க் கேப்பேன்? எம் பொண்ணுகிட்டயா?

மால்சூன்: சிரிக்கலை. வாய் அப்படிப் போகுது. கேளு.

கும்ஜா: எனக்கு பீரியட்ஸ் நின்னு அஞ்சு வருஷம் ஆச்சு. அப்புறமும் அந்த... காண்டம் எல்லாம் வேணுமா?

மால்சூன்: பிள்ளை வராது. நோய் வரும்ல? உள்ளே வர்றதுக்கு முன்னாடி உன் அடையாள அட்டையைக் காட்டச் சொல்லி வயசு பாக்குமா அது?

கும்ஜா: எங்க போய் வாங்குறது? மருந்துக்கடைக்காரன் எம் மருமகனோட ஸ்கூல்ல படிச்சவன்.

மால்சூன்: இருபத்துநாலு மணி நேரக் கடையில சூயிங்கம் பக்கத்துலயே தொங்குது. ரெண்டு சூயிங்கமும் சேத்து எடு. பெட்டியில தேதி பாரு. அவரு பர்ஸுக்குள்ள வெச்சுப் பல வருஷம் உக்காந்து நசுக்கினது எதையாவது எடுத்து நீட்டினா தூக்கிப் போடு. ஒண்ணுக்கு மேல ஒண்ணு போடவும் கூடாது, உரசிக் கிழிஞ்சிடும்.

கும்ஜா: யாரு ரெண்டு போடுவாங்க!

மால்சூன்: துணியை வெச்சு அங்க தேய்ச்சவ, நீ எதுவும் செய்வே.

கும்ஜா: அப்புறம்... இன்னொண்ணு. இத்தனை வருஷம் ஆச்சு. அங்க வறண்டு... வலிக்குமோன்னு பயமா இருக்கு. நீங்க மசாஜுக்குத் தடவுற எண்ணெய் இருக்குல்ல, அதுல ஒரு சின்ன பாட்டில் குடுங்களேன்.

மால்சூன்: நல்லாக் கேட்டே! எண்ணெய் பட்டா ரப்பர் இத்துப் போகும். காண்டம் போட்டும் போடாத கணக்குதான். தண்ணியில கரையற ஜெல்னு கேட்டு வாங்கு. அதுக்கும் மேல வலிச்சா பொம்பளை டாக்டரைப் பாரு, தடவுறதுக்கு மருந்து எழுதித் தருவாங்க. பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கெடக்காதே. வலிக்குதுன்னா வலிக்குதுன்னு அவர்கிட்டச் சொல்லு. வாய் எதுக்கு இருக்கு?

பாக் அம்மா: மால்சூன்! என்ன எண்ணெய் அது? எனக்கும் ஒரு பாட்டில் எடுத்து வை!

மால்சூன்: உங்களுக்கு எதுக்கும்மா?

பாக் அம்மா: முழங்காலுக்கு.

மால்சூன்: இது அந்த எண்ணெய் இல்லை.

பாக் அம்மா: எந்த எண்ணெய்னு எனக்கும் தெரியும். காது கேக்காதுன்னு நீங்களா முடிவு பண்ணிக்கிட்டா நான் என்ன பண்றது? ஏண்டி மால்சூன், நானும் ஒண்ணு கேக்கணும். இந்தத் தொட்டியில எத்தனை பேர் இறங்குறாங்க. அந்த மாதிரி நோய் தண்ணியில இருந்து ஒட்டிக்குமா?

மால்சூன்: ஒட்டாது.

பாக் அம்மா: டவல்ல? கக்கூஸ்ல?

மால்சூன்: எய்ட்ஸும் மேகநோயும் அதுல எல்லாம் வராதும்மா! உடம்பும் உடம்பும் சேர்ந்தா, இல்லைன்னா ரத்தம் கலந்தாத்தான் வரும். என் தொட்டியைக் குத்தம் சொல்லாதீங்க.

பாக் அம்மா: கோவிச்சுக்காதே. கேட்டு வெச்சுக்கிட்டேன். நான் வேர்வை எடுக்க உப்பு அறைக்குப் போறேன், இங்க உங்க பேச்சே ரொம்பச் சூடா இருக்கு. ஏ பொண்ணே, ஆளு பாக்க லட்சணமா?

கும்ஜா: ஐயோ, போங்கம்மா!

மால்சூன்: கதவு சாத்திடுச்சு. நிமிந்து பாரு, செக்கச் செவேல்னு ஆயிட்டே. நான் இன்னும் முதுகை முடிக்கவே இல்லை.

கும்ஜா: இனி இந்தப் பக்கம் எப்படித் தலைகாட்டுவேன்?

மால்சூன்: அந்தம்மா நாலு நாள்ல மறந்துடும். அது சரி, ஆளு எப்படி?

கும்ஜா: பேரூராட்சிக் கூடத்துல மேசைப்பந்து ஆடுறோம்ல, அங்க வர்றவரு. நான் தோத்தாலும் நல்லா ஆடினேன்னு சொல்லுவாரு. ரொம்பப் பேச மாட்டாரு. ஆனா அக்கா, அவ்வளவு சுத்தம்! வாரத்துக்கு ரெண்டு தடவை குளியல் கூடத்துக்குப் போவாரு. நகம் பாத்தீங்கன்னா குழந்தை நகம் மாதிரி. அதனாலதான் நானும்... அவரு அவ்வளவு சுத்தமா இருக்கும்போது நான் எப்படி இருக்குறதுன்னு நெனைச்சு...

மால்சூன்: டெஸ்ட் எடுத்தாரா?

கும்ஜா: என்ன டெஸ்ட்?

மால்சூன்: ரத்தம், மூத்திரம்.

கும்ஜா: அதை எப்படிக் கேக்குறது அக்கா? அவ்வளவு சுத்தமான மனுஷனைப் போயி...

மால்சூன்: அழுக்கு வேற, நோய் வேற. அழுக்கு என் துணிக்கு வரும். நோய் வராது.

கும்ஜா: முதுகு... அக்கா, முதுகு வலிக்குது. அழுத்தாதீங்க.

மால்சூன்: ...கவனிக்கலை. இரு, தண்ணி ஊத்துறேன்.

கும்ஜா: கோவமா?

மால்சூன்: எனக்குப் பித்தப்பையில கல்லுன்னு ஆபரேஷன் பண்ணாங்க. அப்போ நாப்பத்திரண்டு வயசு. அதுக்கு முன்னாடி ரத்தம் எடுத்தாங்க. எடுத்ததுல சிஃபிலிஸ் இருக்குன்னுட்டாங்க.

கும்ஜா: உங்களுக்கா?

மால்சூன்: ஒரு புண்ணு இல்லை, ஒரு அரிப்பு இல்லை. எத்தனை வருஷமா உள்ளே இருந்துச்சோ. நான் டாக்டரம்மாகிட்டச் சண்டைக்குப் போனேன். தினம் அம்பது உடம்பைத் தொடுறேன், குளியல் தொட்டியில இருந்துதான் ஒட்டியிருக்கும்னேன். இல்லைம்மான்னு அவங்க பொறுமையாச் சொன்னாங்க. நான் நம்பலை. ஒரு வாரம், வேலை முடிஞ்சதும் எல்லாத் தொட்டியையும் மண்டி போட்டுத் தேய்ச்சேன். அப்புறம் வீட்டுக்குப் போய் என்னையும் தேய்ச்சேன். நீ தேய்ச்ச மாதிரியே. ரத்தம் வர்ற வரைக்கும்.

கும்ஜா: அக்கா...

மால்சூன்: கப்பல்ல இருந்து இறங்கினா எம் புருஷன் நேரா ஆம்பளைக் குளியலுக்குப் போவாரு. மூணு மணி நேரம். பளபளன்னு ஆனப்புறம்தான் வீட்டு வாசலையே மிதிப்பாரு. இவ்வளவு சுத்தமான புருஷன் யாருக்குக் கெடைக்கும்னு நான் பீத்திக்கிட்டுத் திரிஞ்சேன். வாரத்துக்கு ஒண்ணா எனக்கு மூணு ஊசி போட்டாங்க. நோய் போயிடுச்சு. அவ்வளவு சுலபமாப் போற நோய்டி அது! அந்த ஆளு ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருந்தா போதும். கேட்டப்போகூட, உனக்குத்தான் வேலையில ஒட்டியிருக்கும்னாரு. அதைத்தான் என்னால தாங்க முடியலை.

கும்ஜா: குணம் ஒத்துவராம நீங்க பிரிஞ்சீங்கன்னுதானே எல்லாரும்...

மால்சூன்: ஊருக்கு அப்படிச் சொன்னேன்.

கும்ஜா: அவரும் அப்படித்தான் சொ...

மால்சூன்: யாரு?

கும்ஜா: ஊரு. ஊருன்னு சொல்ல வந்தேன்.

மால்சூன்: ம். பக்கவாட்டுல திரும்பு. கையைத் தூக்கு.

கும்ஜா: நான் யோசுவுக்குப் போகலை அக்கா.

மால்சூன்: ஏன்? எங்கதையைக் கேட்டுட்டா? போக வேண்டாம்னு நான் சொல்லவே இல்லையே. ஐம்பத்தேழு வயசுல ஒரு மனுஷன் உன்னை நல்லா ஆடினேன்னு சொல்றாரு, அது என்ன லேசுல கெடைக்கிறதா? போ. போறதுக்கு முன்னாடி வாயைத் திறந்து கேளு. கடைசியா யாரோடயாவது இருந்தது எப்போன்னு கேளு. மூணு மாசம் ஆகலைன்னா இப்போ ஒண்ணு, அப்புறம் இன்னொரு தடவை எடுக்கணும். சுகாதார நிலையத்துல எய்ட்ஸ் டெஸ்டுக்குப் பேர்கூடக் கேக்க மாட்டாங்க. நீயும் ரத்தம் குடு.

கும்ஜா: நான் எதுக்கு? ஒன்பது வருஷமா சாமியார் மாதிரி...

மால்சூன்: நானும் அப்படித்தான் நெனைச்சேன். அதோட, ரெண்டு பேரும் குடுத்தா ஒருத்தரைச் சந்தேகப்பட்ட மாதிரி இருக்காது.

கும்ஜா: அதில்லை அக்கா. அவரு பேரைச் சொன்னா நீங்க என்னை இந்தக் கட்டில்ல இருந்து தள்ளி விட்டுடுவீங்க.

மால்சூன்: சோப்பு போட்டிருக்கு. ஒரு விரல் போதும்.

கும்ஜா: விளையாடாதீங்க. ரெண்டு மாசமாச் சொல்லணும் சொல்லணும்னுதான் ஒவ்வொரு வாரமும் வர்றேன். வந்து குப்புறப் படுத்ததும் வாய் வராது. எனக்கு அவரு வேணும். ஆனா உங்களை விட்டுட்டு எனக்கு யாரும் வேண்டாம். அது... உங்க பையன் சங்ஹோவோட அப்பா.

மால்சூன்: கையை இறக்காதே. அக்குள் இன்னும் பாக்கி.

கும்ஜா: அதை விடுங்க அக்கா. திட்டவாவது திட்டுங்க. நம்ம சங்ஹோவோட அப்பாதான். உங்க பழைய...

மால்சூன்: எம் பிள்ளைக்கு அப்பன் யாருன்னு எனக்கே சொல்றியா? அழாதே, சோப்பு கண்ணுல போகும். தெரியும்டி. அப்பா உனக்கும் சேத்து யோசுவுக்கு டிக்கெட் எடுத்திருக்காருன்னு சங்ஹோ பத்து நாளைக்கு முன்னாடியே உளறிட்டான். நீயா வாயைத் திறந்து சொல்லுவியான்னுதான் பாத்துக்கிட்டு இருந்தேன். திங்கக்கிழமை காலையில அவரு வீட்டுக்குப் போயி, சட்டையைப் பிடிச்சு சுகாதார நிலையத்துக்கு இழுத்துட்டுப் போனேன். கும்ஜாகிட்டயும் நீ பொய் சொன்னா, மேசைப்பந்துக் கூடத்துல வந்து எல்லாத்தையும் சொல்லுவேன்னேன். ஊசிக்குக் கையை நீட்டினாரு. ரிசல்ட் நாளைக்குப் பத்து மணிக்கு. நீயும் போ. உனக்கும் எடுத்துக்கோ. அவங்க அவரைக் கூப்பிடும்போது பக்கத்துல உக்காந்து கேளு, எதுவா இருந்தாலும் ரெண்டு பேரும் சேர்ந்தே கேளுங்க. நான் அன்னிக்குத் தனியா உக்காந்து கேட்டேன்.