கட்டிங் பிளேயர்

மல்லசமுத்திரத்தில் சேலம் பஸ் ஏறினேன். எனக்கு முன்சீட்டில் ஜன்னலோரம் தாடை வீங்கிய ஒருவர், நடுவில் அவர் மனைவி, இந்தப் பக்கம் வேறொரு அம்மா.

“பையத் தொடாதீங்க மாமா. கட்டிங் பிளேயரு எங்கிட்டயே இருக்கட்டும்,” என்றாள் மனைவி.

“பஸ்ஸுல எதுக்குங்க அது?” என்று கேட்டார் அந்த அம்மா.

“இவருக்குத் தாடை ஒடஞ்சுதுங்க. மேல்பல்லையும் கீழ்பல்லையும் கம்பி போட்டுச் சேர்த்துக் கட்டிட்டாங்க. வாந்தி வந்தா மூச்சடைச்சிருமாம், உடனே கம்பிய வெட்டோணும், போற பக்கமெல்லாம் பிளேயர் வெச்சிருங்கன்னாரு டாக்டரு.”

“வாந்தி வந்துச்சுங்களா?”

“குலசாமி கோயில்ல கெடாவெட்டு வந்துச்சுங்க. கம்பிய இவரே வெட்டிப்போட்டுப் பந்தியில உக்காந்துட்டாரு.”

“அப்பறம்?”

“லாரி பாடி கட்டறவருங்க. பட்டறைக் கம்பிய எடுத்து இவரே திருப்பிக் கட்டிக்கிட்டாரு. ஒரு பக்கமா இழுத்துக்கிச்சு. எலும்பு நகந்திருந்தா கிழிச்சுத் தகடு வெக்கோணுமாம். அதைப் பாக்கத்தான் போறோம்.”

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கறியாவது நல்லாத் தின்னாருங்களா?”

“மெல்ல எங்கீங்க முடிஞ்சுது? எலும்புச் சாறு குடிச்சுட்டு எந்திரிச்சிட்டாரு. அதைத்தான் ஊட்டுல தெனமும் ஸ்ட்ரா போட்டுக் கம்பியோடவே குடிச்சிட்டிருந்தாரு.”