பாப்பா என்ற ஃபோல்டர்

கீபோர்டைக் கவிழ்த்துப் பிடித்து இரண்டு தட்டுத் தட்டினால் போதும், மேடம், அதன் சொந்தக்காரர் என்ன சாப்பிடுகிறார் என்று சொல்லிவிடலாம். உங்கள் ஸ்டேஷனில் மிக்சர் சாப்பிடுகிறார்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், உள்ளே வரும்போதே கண்ணில் பட்டுவிட்டது. ஸ்பேஸ் பாருக்கு அடியில் ஓமப்பொடி கிடக்கிறது. ஒரு பிரஷ் கொடுத்தால் நானே எடுத்துவிடுவேன். வேண்டாமா, சரி.

என் பெயர் பூபாலன். சொந்த ஊர் மலைக்குக் கீழே படவேடு. ஜமுனாமரத்தூரில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ் எடுப்பேன், ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுக் கொடுப்பேன். இந்த ஜவ்வாது மலையில் லேப்டாப் ரிப்பேர் என்றால் என்னிடம்தான் வரவேண்டும். இல்லையென்றால் பஸ் பிடித்துக் கீழே இறங்க வேண்டும்.

நீங்கள் நேராக அந்தக் குழந்தை விஷயத்துக்கு வரச் சொல்கிறீர்கள். வருகிறேன். அதற்கு முன்னால் என் கடைக்கு எந்த லட்சணத்தில் மெஷின்கள் வரும் என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஈரத்துண்டில் சுற்றி, புளி மூட்டையோடு சேர்த்துக் கட்டிக் கொண்டுவருவார்கள். திறந்தால் கீபோர்டு இடுக்கெல்லாம் சாமைத் தவிடு. தேன் கொட்டி, அதில் எறும்பு மொய்த்து, மொய்த்ததெல்லாம் அங்கேயே செத்திருக்கும். ஒருமுறை ஒரு லேப்டாப்பின் ஃபேனைக் கழற்றினேன், உள்ளே ஒரு பல்லி காய்ந்து ஒட்டிக்கிடந்தது. மெஷின் சூடாகும்போதெல்லாம் அந்த வாடை வந்திருக்கும். அதை மோந்துகொண்டே பக்கத்தில் உட்கார்ந்து சோறு தின்றிருக்கிறார்கள். எனக்கு அன்று மத்தியானம் ஒரு வாய் இறங்கவில்லை.

சாதி கீதியெல்லாம் நான் பார்ப்பதில்லை. நகக்கண்ணைத்தான் பார்ப்பேன். கடை வாசலில் ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும் வைத்தேன். கை கழுவிவிட்டு உள்ளே வாருங்கள் என்றேன். சிரித்தார்கள். இரண்டாம் நாள் சோப்பைக் காணவில்லை. நல்ல வார்த்தையில் சொன்னால் இந்த ஜனங்களுக்கு ஏறாது என்பது அன்றைக்கு எனக்குப் புரிந்தது.

அதனால்தான் சிவப்புக் கேடயம் என்ற அந்த சாஃப்ட்வேரைக் கொண்டுவந்தேன். பார்ப்பதற்கு ஆன்டிவைரஸ் மாதிரியே இருக்கும். ஆன்டிவைரஸ் இல்லை. வேலூரில் ஒருவர் பென்டிரைவில் கொடுத்தார். நேற்றுப் பெட்டியைப் பிரித்த மெஷினில் போட்டாலும் முந்நூறு வைரஸ் இருக்கிறது என்று திரை முழுக்கச் சிவப்பாகக் காட்டிக் கத்தும். எதையும் பிடிக்காது, எதையும் கெடுக்கவும் கெடுக்காது. பயம் மட்டும் காட்டும். ரிப்பேருக்கு வந்த மெஷினிலெல்லாம் அதைப் போட்டு அனுப்பினேன். கொஞ்ச நாளுக்கு ஒருமுறை கத்தும்படி வைத்தேன். பள்ளிக்கூடத்து மெஷின், மகளிர் குழு மெஷின், எல்லாம் வரிசையாக என் கடைக்கு வந்தன. நான் சத்தத்தை நிறுத்துவேன், உள்ளும் புறமும் துடைத்துக் கொடுப்பேன். மோசடி என்று உங்கள் ரைட்டர் எழுதியிருக்கிறார். என்னால் இந்த மலையில் எத்தனை கீபோர்டு சுத்தமானது என்பதையும் அவர் எழுதியிருக்கலாம்.

இப்போது செவ்வந்தி. நம்மியம்பட்டுப் பக்கம் ஊர். சாமை மில்லில் வேலை. எப்போது பார்த்தாலும் தலைமுடியில் தவிடு இருக்கும். பிளஸ் டூவில் அரசாங்கம் கொடுத்த லேப்டாப்பை இன்னும் வைத்திருந்தாள். அவளுடைய ஃபோன் மட்டமான ஃபோன், நாலு வீடியோ எடுத்தால் நிறைந்துவிடும். அவர்கள் ஊரில் சிக்னல் கிடையாது, நெட்டில் ஏற்றி வைக்கவும் வழியில்லை. அதனால் சந்தை நாளில் லேப்டாப்பையும் ஃபோனையும் தூக்கிக்கொண்டு என்னிடம் வருவாள்.

"அண்ணா, பாப்பா வீடியோ எல்லாத்தயும் இதுல ஏத்திட்டு, ஃபோனைக் காலி பண்ணிக் குடுங்கண்ணா."

முதல் தடவை ஃபோல்டருக்கு என்ன பெயர் வைப்பது என்று கேட்டேன். "பாப்பான்னே வைங்கண்ணா" என்றாள். வைத்தேன். மலையில் பல வீடுகளில் இப்படித்தான். பிள்ளையின் முகம் டிரங்குப் பெட்டியில் இருக்கிற மாதிரி லேப்டாப்பில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். இன்னொரு காப்பி வைக்க வேண்டும் என்று தோன்றாது. நானும் சொன்னதில்லை.

குழந்தையின் பெயர் அபிநயா. ஐந்து வயது. போன மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தது. ரோட்டில் மண் சரிந்து பஸ் வரவில்லை. ஜீப் கிடைத்துக் கீழே கொண்டுபோவதற்குள் போய்விட்டது. அதில் என் பங்கு ஒன்றுமில்லை, அதை எழுதிக்கொள்ளுங்கள். அதன் பிறகு அந்த வீட்டில் குழந்தையின் முகம் என்று வெளியில் இருந்தது ஆதார் அட்டைப் படம் ஒன்றுதான். அதிலும் கண்ணை மூடிக்கொண்டிருந்ததாம். மற்றதெல்லாம், அதற்குப் பிறகு அவள் கொண்டுவந்து ஏற்றிய கடைசி வீடியோ உட்பட, அந்த ஃபோல்டரில்.

தை பிறந்து ஒரு நாள் செவ்வந்தி லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடிவந்திருக்கிறாள், மூச்சு வாங்கியது.

"அண்ணா, சேப்பா இன்னாவோ வருதுண்ணா. கத்துது. பாப்பா வீடியோக்கு ஒண்ணும் ஆவாதே?"

"ஒண்ணும் ஆவாது. வெச்சிட்டுப் போம்மா" என்றேன்.

லேப்டாப்பைத் திறந்தேன். மேடம், நான் எவ்வளவோ பார்த்திருக்கிறேன். அந்தத் திரை மாதிரி பார்த்ததில்லை. நடுவில் வட்டம் வட்டமாக ஏதோ காய்ந்து படிந்திருந்தது. ஒன்றின் மேல் ஒன்று, அழுக்குப் பாலாடை மாதிரி. விரல் ரேகை, எண்ணெய், அதற்கு மேல் அது.

"ஸ்கிரீன்ல இன்னாம்மா இது?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "பாப்பா மூஞ்சி அங்கதாண்ணா வரும்."

முத்தம் கொடுத்திருக்கிறாள். எத்தனை மாத எச்சில் என்று யோசித்துப் பாருங்கள். அவளை அனுப்பிவிட்டு, கையுறை போட்டுக்கொண்டு, திரை துடைக்கும் திரவம் ஊற்றி மூன்று துணி மாற்றித் துடைத்தேன். துடைத்துக்கொண்டிருக்கும்போதே தெரிந்தது, நான் எத்தனை தடவை துடைத்தாலும் இது திரும்ப வரும். அழுக்கு வெளியில் இல்லை, உள்ளே இருக்கிறது.

அவளுடைய வீட்டுக்காரர் ராஜேஷ் அதற்கு முந்தைய வாரம் டீக்கடையில் என்னிடம் சொல்லியிருந்தார். "எந்நேரமும் பாப்பா வீடியோவயே பாத்துனு கீறாண்ணா. சோறு துன்ன மாட்டேன்றா. இன்னா பண்றதுன்னே தெர்ல." குடும்பத் தலைவர் ஒரு மனிதரிடம் வந்து இப்படிச் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம்? நீங்கள் என்னை அப்படிப் பார்க்கிறீர்கள். எனக்கு அது ஒப்புதலாகத்தான் பட்டது.

ஃபோல்டரைத் திறந்தேன். கண்ணை மூடிக்கொண்டு அழிக்கிற ஆள் நான் இல்லை. ஒவ்வொன்றாகப் பார்த்தேன், முழுதாகப் பார்த்தேன். குழந்தை பலாச்சுளை தின்கிறது, பால் பிசின் முகவாயில் ஒட்டி அதில் மண் ஒட்டியிருக்கிறது. நாய்க்குட்டி வாயை நக்குகிறது, குழந்தை வாயை மூடாமல் சிரிக்கிறது. மேல் பல் விழுந்த இடத்தில் ரத்தத்தோடு நாக்கை நுழைத்துக் காட்டுகிறது. எல்லாவற்றிலும் மூக்கு ஒழுகுகிறது, அதைப் புறங்கையால் காதுவரை இழுத்துவிடுகிறது. அம்மாக்காரி பின்னாலிருந்து சிரிக்கிற சத்தம் கேட்கிறது. ஒரு தாய்க்கு ஃபோனைக் கீழே வைத்துவிட்டு மூக்கைத் துடைக்கத் தோன்றவில்லை. இதையா ஒருத்தி தினமும் முத்தமிட்டுக்கொண்டிருந்தாள்?

அழித்தேன். குப்பைத்தொட்டியிலும் தங்காதபடி அழித்தேன்.

சாயங்காலம் வந்தாள். வைரஸ் தின்றுவிட்டது என்றேன். "எப்டிண்ணா துன்னும்?" என்று கேட்டாள். இந்த மாதிரி கேள்விக்கு விளக்கம் சொல்லி மாளாது. "அந்தச் சேப்பு வந்தப்போ நீ எதையாவது அமுக்கினியா?" என்று திருப்பிக் கேட்டேன்.

"மூடணும்னு அமுக்கினேண்ணா."

"அதாம்மா."

நான் சொன்னது அந்த ஒரு வார்த்தைதான். மீதியை அவளே சேர்த்துக்கொண்டாள். அவள் விரலைப் பார்த்துக்கொண்டே படியிறங்கிப் போனதை நான் பார்த்தேன். அந்த விரலை அவள் அடுப்பில் வைத்துக்கொண்டதாக ராஜேஷ் உங்களிடம் சொல்லியிருக்கிறார். அதற்கு நான் எப்படிப் பொறுப்பாவேன்? வைக்கச் சொல்லி நான் சொல்லவில்லையே.

இதோடு முடிந்திருக்க வேண்டியது. பிலால் வந்து கெடுத்தார். வாணியம்பாடிக்காரர், கெட்டுப்போன டிஸ்க்கிலிருந்து அழிந்ததை மீட்டுக் கொடுக்கும் தொழில். ஏதோ கேமரா மாட்டும் வேலைக்கு மலைக்கு வந்தவர், மில்லில் செவ்வந்தியைப் பார்த்திருக்கிறார். அவர் சொன்னது உண்மைதான், மறுக்க மாட்டேன். கம்ப்யூட்டரில் அழிப்பது என்றால் வாசல் பலகையில் பெயரை அழிப்பது மாதிரி. ஆள் வீட்டுக்குள்ளேயேதான் இருப்பார். அந்த வீட்டுக்கு வேறு யாராவது குடி வரும்வரைக்கும் இருப்பார். மெஷினை ஆன் பண்ணாமல், புதிதாக எதையும் ஏற்றாமல் கொண்டுவா, பாப்பாவை எடுத்துத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

வேறு ஊராக இருந்தால் அவள் அப்படியே வாணியம்பாடிக்குப் போயிருப்பாள். இந்த மலை ஜனங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தர் கை வைத்த வேலையை அவரிடம் சொல்லாமல் இன்னொருத்தரிடம் கொண்டு போக மாட்டார்கள். வைத்தியமானாலும் சரி, கிணறு வெட்டுவதானாலும் சரி, முதலில் பார்த்தவரிடம் போய் ஒரு வார்த்தை கேட்பார்கள். அது மரியாதை. அந்த மரியாதைக்காக அவள் என் கடைக்கு வந்தாள். வாளியில் நல்ல தண்ணீர் இருந்தது, கையை நன்றாகக் கழுவிக்கொண்டுதான் உள்ளே வந்தாள். விரலில் கட்டு இருந்தது, அதை மட்டும் நனையாமல் தூக்கிப் பிடித்திருந்தாள்.

"அண்ணா, பிலால் அண்ணன் பாத்துத் தர்றேன்றாரு. கொண்டு போவட்டாண்ணா? நீங்க தப்பா நெனைக்கக் கூடாது."

"தாராளமா கொண்டு போ" என்றேன். "ஆனா உள்ள வைரஸ் கீது. அவர் மெஷினுக்கும் பரவிடும். நான் கொஞ்சம் சுத்தம் பண்ணித் தர்றேன், அப்புறம் எடுத்துனு போ."

"ஆன் பண்ணக் கூடாதுன்னாரேண்ணா."

"எனக்குத் தெரியாதாம்மா?"

அவள் லேப்டாப்பை மேசையில் வைத்துவிட்டாள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள்.

நான் சிவப்புக் கேடயத்தையே அதில் ஏற்ற ஆரம்பித்தேன். அதே ஃபைலைக் காப்பி எடுத்து, காப்பிக்கும் காப்பி எடுத்து, டிஸ்க்கில் ஒரு பொட்டு இடம் இல்லாதபடி நிரப்பினேன். பழைய டிஸ்க், நேரம் பிடித்தது. பச்சைக் கோடு மெல்ல நகர்ந்தது. அவள் பெஞ்சிலிருந்து கதவு வழியாக அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவில் போய் எனக்கும் சேர்த்து டீ வாங்கிவந்தாள்.

"ஏறுதாண்ணா?"

"ஏறுதும்மா."

"முழுசா ஏறட்டும்ணா. நான் இருக்கேன்."

முழுசாக ஏறிய பிறகுதான் கொடுத்தேன். அவள் இரண்டு கையாலும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். பிலால் அதைத் திறந்து பார்த்துவிட்டு, மூலை முடுக்கெல்லாம் ஒரே ஃபைல் இருக்கிறது, ஏற்றிய நேரம் அவள் என் கடை வாசலில் உட்கார்ந்திருந்த நேரம் என்று சொல்லியிருக்கிறார். அவர் கண்டுபிடித்தது சரி. நான்தான் செய்தேன், தெரிந்தே செய்தேன். கையெழுத்துப் போடுகிறேன்.

இன்று காலை நீங்கள் அவளை இந்த அறைக்கு அழைத்துவந்தீர்கள். அடிப்பாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தேன். அதுதானே அவர்கள் வழக்கம். அவள் சுவரோரமாக நின்று, என்னை அண்ணா என்றே கூப்பிட்டாள். நான் முதலில் உங்கள் ரைட்டரிடம் சொன்னது அவள் காதுக்கும் போயிருந்தது.

"நீங்க எல்லாத்தயும் பாத்துட்டுதான் அழிச்சீங்களாமே. கடசியா எடுத்த வீடியோல பாப்பா இன்னாவோ சொல்லும்ணா. எனக்குப் பாதி மறந்துட்ச்சி. எவ்ளோ யோசிச்சாலும் வர்ல. அது இன்னா சொல்லுச்சின்னு மட்டும் சொல்லிடுங்க. கேஸ் வேணான்னு எழுதித் தந்துட்டுப் போறேன்."

"எனக்கு ஞாபகம் இல்லம்மா" என்றேன். நீங்களும் பக்கத்தில் இருந்தீர்கள்.

அவள் போய்விட்டாள். உங்களிடம் மறைக்க எனக்கு ஒன்றுமில்லை, சொல்கிறேன். அந்தக் கடைசி வீடியோ எடுத்தபோதே குழந்தைக்குக் காய்ச்சல் ஆரம்பித்திருக்க வேண்டும், கண் சிவந்திருந்தது. ஃபோனைப் பிடித்து இழுத்து, "எல்லாத்துலயும் நான் மட்டுந்தான் கீறேன், நீயே இல்ல. நீயும் உள்ள வாம்மா" என்றது. அவள் வந்தாள். குழந்தை அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு கன்னத்தோடு கன்னம் வைத்து அழுத்தியது. மூக்கில் இருந்ததெல்லாம் அவள் கன்னத்தில் அப்பிக்கொண்டது. அவள் அதைத் துடைக்கவே இல்லை, மேடம். அப்படியே சிரித்துக்கொண்டிருந்தாள். நீங்களே சொல்லுங்கள், யாராவது ஒருத்தர் துடைக்க வேண்டாமா?