எட்டுவீட்டுக்காட்டில் யுத்தம் நடந்த விவரம்

இந்த வருஷம் மழை நேரத்துக்குப் பெய்ததால் ஏலம் நன்றாகக் காய்த்திருக்கிறது. குரங்கணியிலிருந்து நடந்தே ஏறி வந்த உங்களுக்கு ஒரு பிடி காயாவது கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. சர்க்கார் ஆளுக்கு எதைக் கொடுத்தாலும் பிற்பாடு அதற்கு வேறு பேர் வைப்பார்கள்.

யுத்த காலத்தில் எங்கள் எட்டுவீட்டுக்காட்டில் என்ன நடந்தது, யார் செத்தார்கள், கல்லில் பேர் வெட்ட வேண்டும் என்று கேட்டீர்கள். வாயால் சொன்னால் மாற்றி எழுதுவீர்கள். நான் மூன்றாம் வகுப்புதான். ஆனாலும் நானே எழுதித் தருகிறேன்.

பட்டாளத்துக்குப் போனது இரண்டு பேர். மாசானம் ஒற்றைக் காலோடு திரும்பினான். சின்னமுத்து திரும்பவில்லை. அவன் பேரை வெட்டிக்கொள்ளுங்கள்.

இன்னொருவனும் செத்தான். அவன் இங்கேயே செத்தான். என்னிடம் வருமுன் ஒச்சம்மாளைப் பார்த்துவிட்டுத்தான் வந்தீர்கள் என்று எனக்குத் தெரியும். ஆகவே மறைப்பதற்கில்லை.

நாற்பத்திரண்டாம் வருஷம் புரட்டாசி. மலையாளக் கரையில் ஜப்பான்காரன் வேவு ஆட்களை இறக்கிவிட்டான் என்று போடிச் சந்தையில் பேச்சு. அந்த வாரமே எலும்பும் தோலுமாக ஒருவன் மலையேறி வந்தான். பர்மாவிலிருந்து நடந்து வந்தானாம். பதின்மூன்று வருஷத்துக்கு முன் ரங்கூன் போன என் அண்ணன் கன்னையன் தான்தான் என்றான்.

"ஏலே சுருளி, மீசை வந்தும் மூக்கு ஒழுகுறது நிக்கலையாடா?" என்று சிரித்தான்.

நான் சிரிக்கவில்லை. கேள்வி கேட்டேன். குலசாமி பேரைச் சொன்னான். ஆத்தா செத்த கிழமையைச் சொன்னான். அப்பன் எந்த மரத்திலிருந்து விழுந்தார் என்று போய்த் தொட்டுக் காட்டினான். ஒன்றுகூடத் தப்பவில்லை. சொந்த அண்ணன் என்றால் ஒன்றாவது மறந்திருக்கும். இவன் பாடம் பண்ணி வந்தவன்.

அப்பன் விட்டுப்போன தோட்டத்தில் அண்ணனுக்குப் பாதி உண்டு. இவன் அதைக் கேட்கவே இல்லை.

"கஞ்சி ஊத்துடா போதும். ஒன் தோட்டத்துல சோலி பாத்துக்கிட்டுக் கெடக்கேன்" என்றான்.

பங்காளி அப்படிப் பேசுவானா? அதுதான் என் சந்தேகத்தை முடித்தது.

பச்சைக் காயைத் தட்டுகளில் பரப்பி, தகரக் குழாயில் அனல் விட்டு உலர்த்தும் கட்டடத்தை ஸ்டோர் என்போம். கதவைச் சாத்தினால் ஒன்றரை நாள் திறக்கக் கூடாது. நடுவில் திறந்தால் காய் வெளுத்துவிடும். மலையில் பிள்ளைக்கும் இது தெரியும்.

நாலாம் நாள் அவனுக்குக் காய்ச்சல், நடுக்கம். "உள்ள கதகதன்னு இருக்கும், படுங்கண்ணே" என்றேன். அண்ணே என்றது வாய்ப்பழக்கம். அவனே நடந்துபோய்ப் படுத்தான். தள்ளினேன் என்று யாராவது சொன்னால் பொய். வெளியே தாழ் போட்டு, வழக்கத்தைவிட நாலு கட்டை கூடுதலாக அடுப்பில் வைத்தேன்.

மத்தியானம் காய் பறிக்கிற ஒச்சம்மாள் வந்து நின்றாள்.

"உள்ள யாரோ தட்டுறாப்புல இருக்கே, அண்ணே."

"எலி. வெரசாப் போயிச் சோலியப் பாரு."

"எலி தம்பீன்னு கூப்புடுமாக்கும்?"

"இப்பத் தொறந்தா காய் பூராம் வெளுத்துரும். ஒனக்குத் தெரியாதா?"

கொஞ்ச நேரம் கதவையே பார்த்தாள். பிறகு கூடையை எடுத்துக்கொண்டு போனாள். தெரிந்தவள்தானே.

சாயங்காலத்துக்குள் சத்தம் அடங்கியது. அப்போதும் நான் திறக்கவில்லை. விளைந்த காயைப் பாழாக்க மனம் வரவில்லை. மறுநாள் எடுத்தபோது காய் நல்ல பச்சையாக இருந்தது. ஓடைக்கரையில் நானே குழி வெட்டினேன்.

வேவுகாரன் பேரைக் கல்லில் வெட்ட வேண்டாம். என் அண்ணன் பர்மாவில் செத்துப்போனான். தம்பி செய்ய வேண்டியதில் நான் குறை வைக்கவில்லை. வருஷா வருஷம் போடிக்கு இறங்கித் திதி கொடுக்கிறேன். முதல் வருஷம், செத்த நாள் எது என்று ஐயர் கேட்டார்.

ஸ்டோர்க் கதவைச் சாத்திய நாளைச் சொன்னேன்.