பின்வாசல் அரசங்கன்று

எனக்குச் சத்தமாகப் பேச வராது, ஐயா. மின்விசிறியைக் கொஞ்சம் குறைத்தால் நீங்கள் வாக்குமூலம் எழுதிக்கொள்ள வசதியாக இருக்கும்.

திண்டிவனத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு பூங்கா இருந்தது. பெரிய தூங்குமூஞ்சி மரங்கள். அவற்றின் நிழலில் படித்துத்தான் தாவரவியலில் பட்டம் வாங்கினேன். யாரோடும் பேசாமல் நான் இருக்க முடிந்த இடம் அது ஒன்றுதான். ஊரில் பணமும் செல்வாக்கும் உள்ள சீனுவாசன் அதை வளைத்துப் போட்டுக் கல்யாண மண்டபம் கட்டினார். மரங்களை வெட்டிய அன்று அவர் முன்னால் போய் நின்று, வேண்டாம் என்றேன்.

"மரம் வேணும்னா உன் ஊட்டு மாடியில வெச்சிக்கோ பாப்பா," என்றார். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள்.

மாடியிலிருந்துதான் வைத்தேன். மண்டபத்தின் பின்வாசல் சன்ஷேடு எங்கள் மாடிக்குக் கைக்கெட்டும் தூரம். அது சுவரோடு சேரும் இடுக்கில், காக்கை எச்சத்திலிருந்து பொறுக்கிய அரச விதைகளைச் சாணத்தில் குழைத்து அப்பினேன். பறவை வயிற்றில் போய்வந்த விதை நன்றாக முளைக்கும். தண்ணீர் விட்டேன். துளிர்த்ததும் மஞ்சள் கயிறு கட்டிக் குங்குமம் வைத்தேன்.

சீனுவாசன் அதைப் பிடுங்கச் சொன்னார். பெருக்க வரும் கெங்கம்மாள் அசையவில்லை. "அரச மரங்க. நான் கை வெக்க மாட்டேன். வேணும்னா நீங்களே ஏறிப் புடுங்கிக்குங்க."

அவர் ஏறவில்லை. மகளுக்கு வரன் தட்டிப்போய்க்கொண்டிருந்த நேரம். ஒரு வெள்ளிக்கிழமை அவரே சன்ஷேடுக்குக் கீழே விளக்கேற்றினார். பிறகு எல்லா வெள்ளியும் வந்தார்.

நான் காத்திருந்தேன். வேர் அவசரப்படாது.

சில வருடங்களில் மேலே விரிசல் விட்டது. விளக்கு வைக்கும் இடத்தைக் கழுவிய கெங்கம்மாள் அண்ணாந்து பார்த்தாள். "பாப்பா, மேல கோடு உட்டாப்ல கீதே? மொதலாளிகிட்ட சொல்லட்டுமா?"

"அது வேர்தான் அக்கா," என்றேன். படித்த பெண் சொன்னதை அவள் நம்பினாள்.

போன வெள்ளி அவர் வரத் தாமதமானது. அவள் அங்கே குனிந்து கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். சிமெண்ட் உதிர்வதை மாடியிலிருந்து பார்த்தேன். கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் அதன்பிறகு அவர் அங்கே வந்து நிற்க மாட்டாரே.

சன்ஷேடு அவள்மேல் இறங்கியது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அவளிடம் உயிர் இருக்கவில்லை.

ஒரே ஒரு வேண்டுகோள், ஐயா. இடிபாட்டில் அந்தக் கன்று வேரோடு கிடக்கிறது. யாரையாவது தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். என் கையால் இதுவரை ஒரு உயிரும் வாடியதில்லை.