ஒட்டிய கவர்

கன்னிவாடி போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டு அம்மாள் பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள்:

“மெட்ராஸ்ல எம்மகனுக்கு டி.பி.ன்னாங்க. ஆஸ்பத்திரியில படுக்கணுமா, வீட்லயே மருந்து திங்கணுமான்னு டாக்டர் தானா முடிவு பண்ணிச் சொல்லலை. ஒட்டுன கவரைப் பிரிச்சாரு. உள்ள சீட்டுல ‘வீடு’ன்னு இருந்துச்சு.”

“அடி ஆத்தி! பூக்கட்டிப் பாக்குற மாதிரியில்ல இருக்கு!”

“கோயில்ல சாமிக்காவது தெரியும். இவரு, ‘ரெண்டுல எது நல்லதுன்னு எனக்கே தெரியாதும்மா, அதுக்குத்தான் இந்தச் சோதனை’ங்கிறாரு.”

“மாத்தச் சொல்ல வேண்டியதுதானே?”

“கால்ல விழுந்தேன். ‘கேக்குறவங்களுக்கெல்லாம் மாத்தினா எது நல்லதுன்னு என்னைக்குமே தெரியாது’ன்னாரு. எம்மகன்தான் என்னையத் தூக்கி நிறுத்துனான். ‘இருக்கட்டும்மா, எனக்குப் பின்னால இருமுறவனுக்காவது தெரியட்டும்’னான்.”

பக்கத்திலிருந்தவள் கையெடுத்துக் கும்பிட்டாள். என் மடியில் என் மகளின் நெஞ்சு எக்ஸ்ரே இருந்தது.