ஐஎன்எஸ் அமுதவல்லி

…பின்ன இன்னாம்மா, மூணே மூணு எழுத்து! அதுக்காவ அஞ்சு நாளா எங்க போட்டு கரையில கெடக்குது. சங்கரா நல்ல மீனும்மா, செவுளத் தூக்கிப் பாரு. எங்க போட்டு மீனு இல்ல, ஏலத்துல எடுத்தது. எங்க போட்டுதான் இப்ப பெரிய மனுசியாயிட்டா, கடலுக்கெல்லாம் போவ மாட்டா. இரு, செதில் எடுத்துத் தரேன், ஒக்காரு.

மூலக்குளத்துக்குப் புதுசா வந்துருக்கியா? அப்ப ஒனக்குத் தெரியாது, இங்க எங்க வைத்திக்குப்பமே சிரிக்குது. போட்டு பேரு அமுதவல்லி. எம்பேருதான், எங்க வூட்டுக்காரரு ஆசையா வச்சாரு. பெயிண்டரு செம்மலு அதுக்கு முன்னாடி ஐஎன்எஸ்னு இங்கிலீசுல எழுதிட்டான். ஐஎன்எஸ் அமுதவல்லி… கேக்கவே கம்பீரமா இல்ல? ரோந்து வந்த சாருங்களுக்கும் அப்டித்தான் இருந்துதாம். நடுக்கடல்ல நிறுத்தி, பீரங்கி எங்கய்யான்னு கேட்டாங்களாம். இவரு நண்டு வலையைத் தூக்கிக் காமிச்சாராம்.

ஐஎன்எஸ்னா இந்தியக் கடற்படைக் கப்பலாம். எம்வின்னா இஞ்சின்ல ஓடறதாம். எஸ்எஸ்னா நீராவில ஓடறதாம், இப்ப நீராவி எங்க இருக்குது, எங்கூட்டு இட்லிப் பானையிலதான் இருக்குது. எச்எம்எஸ்னா இங்கிலீசு ராசாவோட சண்டைக் கப்பலாம். பள்ளிக்கூடம் மிதிக்காதவ, அஞ்சே நாள்ல எம்மாம் படிச்சிட்டேன் பாரு! பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்து பென்சன் வாங்கற சொல்தா ஒருத்தரு மீனுக்கு வருவாரு. பிரெஞ்சுப் படை தன் கப்பலுக்கு இதெல்லாம் போட்டுக்கறதே இல்ல, வெறும் பேருதான்னாரு. அம்மாம் பெரிய கப்பலுக்குப் பேரு மட்டும் போதுது. எங்க ஃபைபர் போட்டுக்குத்தான் பத்தல.

நம்ம ஊர்ல வெறும் பேரை யாரும்மா மதிக்கறா? காதுகுத்து பேனர்ல கூட பேருக்கு முன்னாடி மூணு வரி பட்டம். மூக்கொழுகற புள்ளைய ‘நாளைய தலைமையே’ன்னு போட்டு சிக்னல்ல கட்டறான். அவனை எவன் நிறுத்திக் கேட்டான்? எங்களைத்தான் கேப்பாங்க. கேசுக்குப் போட்டோ எடுக்கற வரைக்கும் எழுத்தை அழிக்கவும் கூடாதுன்னுட்டாங்க, எடுக்க வேண்டிய சாரு லீவு. இன்னிக்குக் காலையிலதான் வந்து எடுத்துட்டுப் போனாரு.

செம்மலா? அவன் இன்னா பண்ணுவான் பாவம், சொன்னதை எழுதறவன்… எங்க ஓரவத்தி, கொழுந்தன் பொண்டாட்டி சுலோசனா இருக்கறாளே, மாசி மகத்துக்கு அவ போட்டுக்கு எம்வின்னு எழுதிக்கிட்டா. அன்னிக்குப் பூரா எம்வி, எம்வி. வயிறு எரிஞ்சிதும்மா, எனக்கு. செம்மலைக் கூப்ட்டு, அதைவிடப் பெருசு எதுடான்னேன். வேணாங்க்கா, அது நேவிக்காரங்களுதுன்னான். அதுக்கு மேல இருக்குதான்னேன். இல்லன்னான். அப்ப அதையே போடுன்னுட்டேன். இவருகிட்ட ஒரு வார்த்தை சொல்லல.

போட்டைப் புடிச்ச அன்னிக்கு ஆபீசுல கேட்டாங்க, யாரு எழுதச் சொன்னதுன்னு. நானும் பக்கத்துலதான் நின்னேன். தலையைக் குனிஞ்சிக்கிட்டேம்மா. இவரு என்னை ஒரு பார்வை பாத்தாரு. “நான்தான் சார், பொண்டாட்டி மேல இருக்கற ஆசையில எழுதிட்டேன்”னாரு. அத்தினி பேரும் சிரிச்சாங்க. அப்டியே மன்னிப்பு எழுதிக் கையெழுத்துப் போட்டாரு. குப்பத்துல சின்னப் பசங்க கூட ‘ஐயா, கேப்டன்’னு அவருக்கு சல்யூட் அடிக்குதுங்க. வூட்டுக்கு வந்து என்னை ஒரு கேள்வி கேக்கல. நாலு திட்டு திட்டியிருந்தா நானும் திருப்பித் திட்டியிருப்பேன், சமமாப் போயிருக்கும். இப்ப சோறு போடக்கூட மூஞ்சியைப் பாக்க முடியல.

தோ பாரு, பெயிண்டு அழிக்கற தின்னரும் துணியும் வச்சிக்கிட்டு நிக்கிறாரே, அவருதான். மூணு எழுத்தையும் அழிச்சிட்டாரு… அய்ய, இன்னும் இன்னா பண்றாரு? பிரஷ்ஷு எடுக்கறாரு பாரு. எம்பேரு மங்கிப் போச்சுன்னு அது மேல திரும்பவும் பெயிண்டு அடிக்கிறாரும்மா.

எம்மா, நீ இப்டி என் எடத்துல ஒக்காரு. காக்கா வந்தா ஓட்டு, யாராவது கேட்டா தோ வந்துடுவான்னு சொல்லு. நான் போயி அந்த டப்பாவைப் புடிச்சிக்கிறேன்.